அக்கா வைத்தால் சூடாகாத அடுப்பு

இண்டக்ஷன் அடுப்பு வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு காந்தத்தையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் அது இந்த அடுப்பில் சூடாகும். ஒட்டாவிட்டால் எவ்வளவு பளபளப்பான பாத்திரமாக இருந்தாலும் அடுப்பு அதை மதிக்காது. கீச்கீச்சென்று கத்திவிட்டுத் தானே அணைந்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் அக்கா. முப்பத்துநாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், எதையும் படிப்படியாகத்தான் சொல்லுவாள்.

என் மனைவி இறந்த மாதம் நான் கேஸ் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பாத்திரம் கரியாகி, வீடு புகையாகி, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவை இடித்தார். எல்லோரும் அதை மறதி என்றார்கள். மறதி இல்லை. பால் பொங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் வந்து அணைப்பாள் என்று உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

செய்தி கேட்டு அக்கா ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். மறுநாளே என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இருக்கறதுலயே விலை கம்மியா ஒண்ணு எடுப்பா," என்றாள் கடைக்காரரிடம்.

"இன்னும் கொஞ்சம் மேல போனா டச் பட்டன் வரும்மா."

"தடவிக் குடுத்தா வேலை செய்யற ஆள் இல்லை இவன். அமுக்கற பட்டனே போதும். அமுக்கினா அமுக்கினது தெரியணும்."

இப்படித்தான் அந்தக் கறுப்புப் பலகை எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே காந்தம் ஒட்டுகிற பாத்திரம் ஒன்று. அடுப்பை மேடையில் வைத்ததும் அக்கா சட்டம் போட்டாள். "மூணு நாள் தொடர்ந்து தப்பில்லாம டீ போடு. நாலாம் நாள் நான் கிளம்பறேன். எனக்கும் வீடு இருக்கு, டியூஷன் பசங்க இருக்காங்க."

அவள் வந்த பிறகு வீட்டில் இன்னொருவர் இருமுகிற சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் அலமாரி திறந்து மூடியது. யாரோ என்னைத் திட்டினார்கள். அக்கா வைத்த டீ தேர்வில் தோற்பது என்று முடிவு செய்தேன்.

வேண்டுமென்றே தோற்பது நீங்கள் நினைக்கிற அளவு எளிதில்லை. முதல் நாள் பிளக்கைச் செருகாமல் பட்டனை அமுக்கினேன். இரண்டாம் நாள் வெப்பத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக நேரத்தைக் கூட்டினேன். மூன்றாம் நாள் தண்ணீரே ஊற்றவில்லை. ஒரு வாரம் இப்படி ஓடியது. எட்டாம் நாள் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டேய், நிஜமா தெரியாத பையன் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பப் பண்ணுவான். நீ தினம் புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கறே. யார்கிட்ட நடிக்கறே?"

அன்றைக்கே சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

அவள் சொன்னது எவ்வளவு நுட்பமான விஷயம் என்று இரண்டு நாள் யோசித்தேன். புதுப்புதுத் தப்பை யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் செய்கிறவரே நம்பிவிடுவார். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினவன் நான். இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

புதன்கிழமை அதே கடைக்குத் தனியாகப் போனேன். அதே அளவு, அதே கைப்பிடி, அதே மூடி, ஆனால் காந்தம் ஒட்டாத பாத்திரம் வேண்டும் என்றேன்.

"எல்லாரும் ஒட்டறதைத்தான் சார் கேப்பாங்க."

"எங்க வீட்ல ஒட்டறது ஒண்ணு இருக்குப்பா."

வியாழக்கிழமை காலை அக்கா டீக்குத் தண்ணீர் வைத்தாள். அடுப்பு கத்தி அணைந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி அணைந்தது. பட்டன்களோடு சண்டை போட்டுவிட்டு, பாலை எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினாள். அந்த இடைவெளி எனக்குப் போதுமாக இருந்தது. தண்ணீரை மாற்றி ஊற்றுவதுகூடக் கஷ்டமில்லை, நீங்கள் செய்து பார்க்கலாம்.

"எங்கே, தள்ளு," என்று பட்டனை அமுக்கினேன். ஒரு நிமிஷத்தில் தண்ணீர் கொதித்தது.

"நான் வெச்சா மட்டும் என்ன கேடு இதுக்கு?"

"உன்னைக் கண்டு பயப்படுது அக்கா. உன் வகுப்புல படிச்சிருக்கும்."

வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

மதியமும் அப்படியே நடந்தது. அவள் சாமர்த்தியசாலி, உடனே காந்தத்தை எடுத்தாள். ஒட்டவில்லை. "ஒட்டலைடா, பாரு." "கண்ணாடி போடாம என்னத்தைப் பார்த்தே? போட்டுக்கிட்டு வா," என்றேன். கண்ணாடியோடு வந்தபோது காந்தம் கெட்டியாக ஒட்டியது. சாயங்காலம் காம்பஸ் முனையால் பாத்திரத்தின் அடியில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி கீறினாள். அவள் குளிக்கப் போனபோது அதே இடத்தில், அதே சாய்வில், மற்றதிலும் ஒன்று கீறினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு தாளில் ஏழு படிகள் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினாள். ஒன்று, பிளக். இரண்டு, ஸ்விட்ச். மூன்று, பாத்திரம். நான்கு, பட்டன். நான் அதை எடுத்துவிட்டு, அதே மாதிரித் தாளில் மூன்றையும் நான்கையும் இடம் மாற்றி எழுதி ஒட்டினேன். அவள் கையெழுத்து எனக்கு அப்படியே வரும். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

தாளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். "இதை நானா எழுதினேன்?"

"உன் கையெழுத்துதானே அக்கா."

கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு பதினேழு நூற்றுப்பத்தொன்பது, எட்டு பதினேழு நூற்றுமுப்பத்தாறு. ஒரு பிழையும் இல்லை. கதவுக்கு வெளியே நின்று நானும் கூடவே சரிபார்த்தேன்.

வெளியே வந்து, "அந்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு," என்றாள். "இப்படித் தனியா அங்கே போய் என்னத்தைக் கொளுத்தி வைக்கப்போறேனோ."

இதுவரை நடந்ததைக் குறும்பு என்று வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் போனதும் பாத்திரத்தை மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சரியான பாத்திரத்தை வைத்துவிட்டுத் தப்பான பட்டனை அமுக்கினாள். பயந்து பயந்து அமுக்கினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

அக்கா மகள் வேறு ஊரிலிருந்து போன் செய்தாள். "மாமா, அம்மா பேச்சே சரியில்லை. என்ன ஆச்சு?"

"வயசாயிட்டுது கண்ணு. கொஞ்சம் தடுமாற்றம். நான் இருக்கேன்ல."

"நீங்க மட்டும் இல்லேன்னா..." என்று அழுதாள். டாக்டரிடம் காட்டச் சொன்னாள். காட்டினோம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார் டாக்டர். சின்ன வயதிலிருந்து அக்கா இந்தக் கேள்வியைத் தூக்கத்தில்கூட முடித்துவிடுவாள். தொண்ணூற்றுமூன்று என்றாள். எண்பத்தாறு. எழுபத்தொன்பது. சொல்லிவிட்டு, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. லேசாகப் புருவத்தை மட்டும் உயர்த்தினேன்.

"இல்லை, இல்லை, எழுபத்தெட்டு," என்றாள் அக்கா.

டாக்டர் எழுதிக்கொண்டார். இரண்டு வேளை மாத்திரை. கொஞ்சம் அசதியாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். இரண்டு மாதத்தில் மகள் வந்து அக்காவின் வீட்டை விற்றுக் கொடுத்தாள். டியூஷன் பசங்கள் வேறு டீச்சரைப் பார்த்துக்கொண்டார்கள். அக்கா துணிமணியெல்லாம் என் மனைவியின் அலமாரியில்தான் இருக்கிறது. இப்போது அது பழையபடி திறந்து மூடுகிறது.

எந்தக் குறையும் நான் வைக்கவில்லை. வேளாவேளைக்கு மாத்திரை, முட்டை, பால். தலைகூட நானே வாரிவிடுகிறேன். முன்புபோல் திட்டுவதில்லை என்பது ஒன்றுதான் வருத்தம்.

போன வாரம் நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள். இப்போதெல்லாம் உள்ளே வரவேண்டுமென்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வருவாள்.

"தம்பி, எனக்கு எப்பலேர்ந்துடா இப்படி ஆச்சு? நான் நல்லாத்தானே இருந்தேன்?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு பாத்திரத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்தால் போதும், ஐந்து நிமிஷ வேலை. எனக்கு அதில் வெட்கமும் இல்லை. இந்தப் பக்கங்களில் எழுதியிருக்கிற அத்தனையும் நான் செய்ததுதான், தெரிந்தே செய்ததுதான்.

ஆனால் சொல்லி என்ன பிரயோசனம்? பாவம், இப்போது அவள் இருக்கிற நிலைமையில் இதெல்லாம் அவளுக்குப் புரியாது.