தப்பு பண்ணவ வூட்டு வாசப்படி

"...இதுல இன்னா ஞாயங்கீது, நீயே சொல்லு அம்முலு. தப்பு பண்ணவ நீ. வெயில்ல வந்து நிக்கிறவ நானு. அடிபட்டவதான் அடிச்சவளத் தேடிப் போயி தனியா பேசணுமாம். ஏசுசாமி அப்டித்தான் சொல்லிக்கீறாராம். அவருக்கின்னா, சொல்லிட்டுப் போய்ட்டாரு. நம்ம தெருவுல குடியிருந்திருந்தா தெரியும்."

களத்தில் எல்லோரும் கஞ்சிக்கு ஒதுங்கிய நேரம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க அம்முலு வீட்டுக்கு ஓடிவந்திருந்தாள். சிட்டம்மாள் அவளுக்கு மூத்த ஓர்ப்படி, புருஷனின் அண்ணன் மனைவி. யாரும் சொல்லாமலே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒக்காருன்னு சொல்ல மாட்டே. பரவால்ல, ஒக்காந்துட்டேன். ஞாயித்துக்கெயம கோயில்ல முன்னாடி நின்னு பாடிக்கினு இருந்தியே, இன்னா பக்தி, இன்னா பக்தி... எனக்கு வயிறு பத்திக்கிச்சி. திருவிருந்து அப்பம் என் கைக்கு வரதுக்குள்ள எந்திரிச்சி வந்துட்டேன். சாயங்காலம் ஞானதாஸ் போதகரு சைக்கிள மிதிச்சிக்கினு வராரு. உன் வூட்டுக்கா? இங்க ஏன் வராரு, நீதான் அப்பத்தத் தின்னு சுத்தமாயிட்டியே. எங்கிட்ட வந்து, 'சிட்டம்மா, மனசுல கசப்ப வெச்சிக்கினு எத்தினி நாளு பட்னி கெடப்பே'ன்றாரு. வயித்துக்கே பட்னிதான் அய்யா, இதுல அது வேறயான்னேன். மனுசன் தலைய குனிஞ்சிக்கினாரு. போவும்போது மட்டும், 'நீ போய்ப் பேசு'ன்னாரு. அதான் வந்தேன். உன் மேல பாசம் பொங்கி வரல."

குழந்தை தூங்கிவிட்டது. அம்முலு அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"களத்துக்காரரு பஞ்சாட்சரம் வைக்கோலப் பொரட்டி அந்த நெல்லு முடிச்ச எடுத்தாரே. 'எவ ஒளிச்சி வெச்சா'ன்னு கேட்டாரே. அத்தினி சனம் நின்னுக்கினு இருந்திச்சே, உன் வெரலுக்கு நான்தான் ஆப்புட்டேனா? முந்தானைய உதறுன்னாரு. உதறனேன். என் மவன் பாத்துக்கினு நின்னான். அறுப்பு முச்சூடும் களத்துப் பக்கம் தல காட்டாதன்னுட்டாரு. அந்த முடிச்சி எதுல கட்டியிருந்திச்சி? உன் பழைய ரவிக்கத் துணியில. உத்திரமேரூரு சந்தையில நான் வாங்கியாந்து குடுத்த துணி, எனக்குத் தெரியாதா? சொல்லியிருக்கலாம். ஊரே என்ன வாயாடின்னுது, அந்த வாயி அன்னிக்குன்னு பாத்து ஒட்டிக்கிச்சி. உன் மூஞ்சியப் பாத்தேன். செத்த மூஞ்சியாட்டம் கீது. அதோட போச்சி என் பேச்சி."

சிட்டம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி விழுந்தது என்று தானாகவே காரணமும் சொன்னாள்.

"நெல்லு எடுத்ததுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லல. பெத்த ஒடம்பு, பசி. அவுரு கொட்டாயில எலி தின்றதுல கால்வாசிகூட வராது நீ எடுத்தது. எங்கிட்ட சொல்லியிருந்தா நானே மடியில கட்டிக்கினு வந்திருப்பேன். என் பேர ஏன் சொன்னே? சரி. வுடு. மன்னிச்சிட்டேன்னு வெச்சிக்க. இன்னும் மனசாரன்னு சொல்ல முடியல..."

அம்முலு எழுந்து வந்து குழந்தையை அவள் மடியில் கிடத்திவிட்டு இறங்கிப் போனாள். தண்ணீர் கொண்டுவரப் போகிறாள் போல என்று சிட்டம்மாள் பேசிக்கொண்டே இருந்தாள். பதிலுக்கு ஒரு இருமல்கூட வராததால் திரும்பிப் பார்த்தாள். அம்முலு வரப்பு மேல் களத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏ அம்முலு, நில்லு. அங்க எதுக்குப் போறே? உன் வேலயும் போய்டும். அதான் மன்னிச்சிட்டேன்னேனே, நில்லு."

குழந்தையை அணைத்துக்கொண்டு சிட்டம்மாள் ஓடினாள். களத்தை எட்டியபோது அம்முலு சொல்லி முடித்திருந்தாள். கஞ்சிக் கலயங்களோடு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிட்டம்மாளின் மகன் எழுந்து நின்றிருந்தான். பஞ்சாட்சரத்தின் முகம் கறுத்துப் போயிருந்தது. "ரெண்டு பேரும் என் களத்துல கால வெக்கக் கூடாது" என்றார்.

திரும்பும் வழியில் அம்முலு அழுதுகொண்டே வந்தாள். அவள் கையை நீட்டியும் சிட்டம்மாள் குழந்தையைக் கொடுக்கவில்லை.

"போதகருக்கு இப்ப மனசு குளுந்திருக்கும். ஒரு வூட்ல அடுப்பு எரியல, இனிமே ரெண்டு வூட்லயும் எரியாது. மாகறல்ல இன்னும் அறுப்பு முடியலயாம், காலையில போவலாம். புள்ளய நான் தூக்கிக்கிறேன், நீ முன்னாடி நட. பின்னால வந்தா நான் பேசறது காதுல வியலன்னு சொல்லுவே..."