எடைத்தாளில் எழுபத்தேழும் எழுபத்தொன்பதும்

டீ வேண்டாம் மேடம், காலையிலேயே இரண்டு குடித்துவிட்டேன். நீங்கள் குடியுங்கள். நிதானமாகத்தான் சொல்வேன், அப்படியே வாக்குமூலமாக எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் அருணா. விமானப் பொறியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கீரனூர் பக்கம் ஒரு கம்பெனி ஓடுபாதை போட்டு, குடுமியான்மலையை ஆகாயத்திலிருந்து சுற்றிக் காட்டப்போவதாக விளம்பரம் செய்தது. அங்கே எடைத்தாள் எழுதுவது என் வேலை. ஏறுகிறவர்களின் எடையைக் கூட்டி, விமானம் தாங்குமென்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அது நகரும். விமானியைத் தவிர இரண்டு பேர் உட்காரலாம். இருவரும் சேர்ந்து நூற்று அறுபது கிலோவைத் தாண்டக்கூடாது.

முதல் பயணம் யாருக்கு என்பதில்தான் சிக்கல். ஓடுபாதைக்கு நிலம் கொடுத்தவர்கள் பெரியகருப்பனும் ராக்கனும். பங்காளிகள். கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று இவர்கள் போட்ட வழக்கில் எங்கள் தேர் இரண்டு வருடம் நகரவில்லை.

ஒருவர் பின் ஒருவராகப் போகச் சொன்னேன்.

"அவன் பறந்த எச்சிக் காத்துல நான் பறக்கணுமா?" என்றார் ராக்கன்.

"அப்ப ஒண்ணாவே ஏறுங்கய்யா. யாரும் ரெண்டாவது இல்ல."

யோசனை என்னுடையதுதான். எடை மெஷினைக் காட்டினேன். "என்னயத் துலாபாரத்துல ஏத்துறியாத்தா? எதிர்த்தட்டு வெல்லம் எங்கிட்டு?" என்றார் பெரியகருப்பன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மெஷினை ஓரமாகத் தள்ளினேன்.

இருவர் மேலும் எனக்குப் பகை ஏதும் கிடையாது. நான் பட்டம் வாங்கிய வருடம், பொங்கல் விழாவில் எனக்குச் சால்வை போடுவதாக மேடையேற்றினார்கள். யார் போடுவது என்று இருவரும் ஒரு மணி நேரம் கத்தினார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் சால்வை கிழிந்தது. "நீ எறங்கு புள்ள" என்றார் மைக்செட்காரர். இறங்கினேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நானில்லை.

இன்சூரன்சுக்காக இருவரும் டாக்டர் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். பெரியகருப்பன் நூற்று நான்கு. ராக்கன் தொண்ணூற்றெட்டு. நான்தான் வாங்கி ஃபைலில் வைத்தேன். எடைத்தாளில் எழுபத்தொன்பது, எழுபத்தேழு என்று எழுதினேன். எண்பது, எழுபத்தைந்து என்று எழுதினால் குத்துமதிப்பு என்று தெரிந்துவிடும். யார் பெயர் மேலே என்று அடுத்த சண்டை வராமலிருக்க இருவரையும் ஒரே வரியில் எழுதினேன்.

இந்தப் பஞ்சாயத்தில் மணி பதினொன்றரை ஆகிவிட்டது. வெயில் ஏற ஏறக் காற்றின் தாங்கும் பலம் குறையும். மூன்றாம் செமஸ்டர் பாடம்.

விமானி நிலவழகன் சார் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டும் பெருத்த உருப்படியால்ல இருக்கு. எடை போட்டீங்களா மேடம்?"

"போட்டேன் சார்."

"நீங்க போட்டாச் சரி."

விமானம் தரையை விட்டது. உயரவில்லை. ஓடுபாதை முடிகிற இடத்தில் தைலமரக்காடு. மரங்களில் மோதுகிறவரை இந்தப் பக்கம் விழாவுக்கு வந்த கொட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உயிர் போனதாக டாக்டர் சொன்னாராம். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

நிலவழகன் சாரும் போய்விட்டார். அவருக்காக அழுதேன் மேடம், பொய்யில்லை. அந்த ஊரில் என் படிப்புக்கு மதிப்புக் கொடுத்த ஒரே மனிதர்.

அவரை இறக்கியிருக்கலாம்தான். இன்ஜின் சூடாவதற்காக விமானம் ஐந்து நிமிடம் நின்றது. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். கையைத் தூக்கினால் போதும். ஆனால் அத்தனை ஜனத்துக்கும் முன்னால் நான் போட்ட கையெழுத்தை நானே அடிக்க வேண்டியிருக்கும். நமக்கும் ஒரு மரியாதை இருக்கிறதே, மேடம்.