யுரேனியம் கிடைக்கக் கூடாதென்று உடைத்த தேங்காய்

பிறர் பேச்சைக் கேட்டு எழுதுவது பாவமோ என்று பல வருஷம் தயங்கினேன். பகவான் பொறுத்துக்கொள்ளட்டும்.

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். ஒருவர் மார்க்கெட்டில் காய்கறி விற்பவர். மற்றவர் ஊரிலிருந்து வந்த அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. யுரேனியம் தேடித் துளை போடும் எந்திரத்தில் வேலை.

"மச்சான், யுரேனியம் கிடைக்கணும்னுதான் தேங்காய் உடைச்சுத் துளை போடுவோம். ஊர்ல உங்க நிலத்துல மட்டும் கிடைக்கக் கூடாதுன்னு உடைச்சேன்."

"கொள்ளாம்டா, நல்ல காரியம்! சாமி கேட்டுச்சா?"

"இல்ல மச்சான். வெளிய எடுத்த பாறையில கதிர்வீச்சு மீட்டரை வச்சதும் கத்துச்சு."

"அப்போ நிலம் போச்சா?"

"ஒரு துளையை வச்சுச் சொல்ல முடியாது. அந்தப் பாறை அடியில எவ்வளவு தூரம் ஓடுதுன்னு சுத்திலும் துளை போட்டுப் பாக்கணும். எல்லாத்துலயும் கத்தினா சுரங்கம்தான்."

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"போர்வெல்னு நினைச்சுக்கிட்டிருக்கு. தினமும் குடத்தோட வந்து, தண்ணி வந்துச்சாடான்னு கேக்குது."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் வரலைன்னேன். 'கவலைப்படாத தம்பி, நீ தேடுறது கிடைக்கணும்னு அம்மனுக்கு விளக்கு போட்டிருக்கேன்'னு சொல்லுச்சு."

படகு கரை சேர்ந்ததும் இருவரும் இறங்கிப் போனார்கள். இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், அந்த அம்மாவின் வார்த்தையில் ஒன்றைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.