பின்சில்லுக்குப் பாரம்

வெளியே நிற்பது உங்கள் கார்தானே, பிள்ளை? வெயில் வந்துவிட்டதென்று பனிக்கால வின்ரர் ரயரைக் கழற்றிவிடாதீர்கள். இந்த சவர்லாந்து மலைப்பக்கம் ஈஸ்டர் முடியும்வரை பனியை நம்ப முடியாது. உங்களுடையது முன்சக்கரம் இழுக்கிற கார், எங்கள் பேச்சில் முன்சில்லு. அது பரவாயில்லை, கொஞ்சம் பிழை விட்டாலும் பொறுத்துக்கொள்ளும்.

பொலிஸ் அதிகாரி மணிக்கூட்டைப் பார்க்கிறார். பார்க்கட்டும். இருபது வருடமாக இங்கே இருக்கிறேன், எனக்கு ஜெர்மன் நன்றாகவே தெரியும். ஆனால் என் தங்கச்சியைப் பற்றிப் பேசும்போது அது வாயில் வருவதில்லை. அதனால்தான் மொழிபெயர்க்க ஆள் கேட்டேன். கம்சனா என்று பெயர் சொன்னீர்கள், இங்கேயே வளர்ந்த பிள்ளை என்று பேச்சிலேயே தெரிகிறது. நான் மெதுவாகச் சொல்கிறேன். ஒன்றையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனத்தைக் கேட்டுப் பாருங்கள், இந்த ரவிச்சந்திரனைக் கூட்டிக்கொண்டு போகாமல் ஒருவரும் பழைய கார் வாங்கமாட்டார்கள். நான் வேலை செய்வது ஆணித் தொழிற்சாலையில், அதுவும் இரவு வேலை. கார் பார்ப்பது என் விருப்பம். கம்பளத்தைத் தூக்கி அடியில் இரும்பில் கறள் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். விற்கிறவன் வாய் ஓயாமல் பேசினால் அந்தக் கார் வேண்டாம் என்பேன். இதுவரை நான் காட்டிய கார் ஒன்றும் ஒருவரையும் நடுவழியில் விட்டதில்லை.

என் தங்கச்சி இராஜேஸ்வரியை இங்கே கூப்பிட்டதும் நான், ஸ்ரீதரனுக்குக் கட்டிக் கொடுத்ததும் நான். ஸ்ரீதரன் நல்லவன், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் வீடு மலைக்கு மேலே, என் அறை கீழே. நான் கலியாணம் கட்டவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. சன்னலோரக் கதிரை என்னுடையது. அவர்கள் மகள்கூட அதில் இருக்கமாட்டாள், "மாமாவின்ர கதிரை" என்று வந்தவர்களை எழுப்பிவிடுவாள்.

போன வருடம், இரண்டாயிரத்து ஐந்து ஆனியில், அவர்களுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்தது. கிடைத்த கையோடு லண்டன் கதை தொடங்கியது. உங்களுக்குத் தெரியாததில்லை, பாஸ்போர்ட் எடுத்த எங்கள் சனத்தில் பாதிப்பேர் இப்போது லண்டனில்தான். பிள்ளை இங்கிலிசில் படிக்கும், தமிழ்க் கடை பக்கத்திலேயே இருக்கும் என்று ஸ்ரீதரன் அடுக்கிக்கொண்டே போனான்.

"நீங்களும் வாங்கோவன், மச்சான்," என்றான், பருப்பைப் பிசைந்தபடி.

தங்கச்சி அப்பளத்தை என் பக்கம் தள்ளினாள். ஒருவரை உண்மையாகக் கூப்பிடுவதற்கும் மரியாதைக்குக் கூப்பிடுவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். அன்று எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மாரிக்குளிர் தொடங்கும்போது அவர்களுடைய பழைய கார் நின்றுவிட்டது. ஸ்ரீதரன் மலையிலிருந்து கீழே அதே தொழிற்சாலைக்குத்தான் காலை வேலைக்கு வர வேண்டும். இரண்டு கார் பார்த்தோம். ஒன்று நாலு சில்லும் இழுக்கிற அல்ராட், பின்னால் நீளமானது. மற்றது பின்சில்லு மட்டும் இழுக்கிற கார், உள்ளே தோல் இருக்கை, பார்க்க மாப்பிள்ளை கார் மாதிரி.

"அல்ராட் எடுப்பம் மச்சான். பனிக்கும் நல்லம். பிறகு சாமானை ஏத்திக்கொண்டு லண்டனுக்கும் இதிலேயே போயிடலாம்."

அதைக் கேட்டபோது அந்த நீளமான பின்பக்கத்தில் என் தங்கச்சியின் சட்டி பானை எல்லாம் ஏறியிருப்பது எனக்குத் தெரிந்தது. அந்தக் காருக்கு நான் எப்படிச் சம்மதம் சொல்வது?

"அல்ராட் ஏத்தம் ஏறத்தான் உதவும், ஸ்ரீ. பிரேக் பிடிச்சால் எல்லாக் காருக்கும் நாலு சில்லுதான். எண்ணெயும் கூடக் குடிக்கும்," என்றேன்.

"பின்சில்லுக் கார் பனியில வாலை ஆட்டும் எண்டு சொல்லுறாங்களே?"

"பின்னுக்குப் பாரம் வைச்சால் ஆட்டாது. ஜெர்மன்காரர் மணல் மூட்டை வைப்பாங்கள்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எந்த மெக்கானிக்கையும் கூப்பிட்டுக் கேட்கலாம். ஸ்ரீதரனுக்கும் தோல் இருக்கையில் ஆசை இருந்தது, ஒத்துக்கொண்டான். அன்றைக்கு அவனுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று சொன்னால் அது அபாண்டம்.

மணலுக்கு எங்கே போவது என்று தங்கச்சி அரிசி மூட்டைகளை வைத்தாள். ஹம் நகரத்துக் கடையில் வாங்கிய இருபது கிலோ மூட்டை நாலு. எப்படியும் வாங்குகிற அரிசி, மாரி முடிந்ததும் சமைக்கலாம் என்றாள். ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்தோம். ஐயர் காரின் நெற்றியில் சந்தனம் பூசினார். தங்கச்சி டிக்கியைத் திறந்து, ஒவ்வொரு மூட்டைக்கும் தன் கையால் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். அவளுடைய புருசனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கப் போகிற மூட்டைகள் அல்லவா!

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் இரவு வேலை முடிந்து வெளியே வரும் நேரத்தில் ஸ்ரீதரன் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். என் அறைக்குப் போகும் ரோட்டும் அவன் இறங்கி வரும் ரோட்டும் அணைக்கட்டு வளைவில்தான் சேர்கின்றன. அந்த வளைவைத் தாண்டியதும் ரோட்டு எப்படிக் கிடக்கிறதென்று போன் பண்ணிச் சொல்வேன். இரவு வேலைக்காரன் காலை வேலைக்காரனுக்குச் சொல்வது எங்கள் தொழிற்சாலைத் தமிழரிடையே பழகிப்போன ஒன்று. ரோட்டு சரியில்லை என்று நான் சொன்ன நாட்களில் அவன் பஸ்ஸில் வந்தான். என் சொல்லை ஒருநாளும் அவன் தட்டியதில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, லண்டனில் வீடு சரிவந்துவிட்டதென்று சொன்னார்கள். பங்குனிக் கடைசியில் பயணம். மகள் என் கதிரையில் ஏறி நின்று, "மாமா, இதை நாங்கள் கொண்டுபோகேலாது, நீங்கள் வைச்சிருங்கோ," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல அவர்களுடைய காருக்கு எண்ணெய், தண்ணீர் பார்க்கத் திறப்பை வாங்கிக்கொண்டு இறங்கினேன். மூட்டைகளைத் தூக்கி என் காரில் போட்டேன். டிக்கியைச் சாத்தினேன். திறப்பைச் சாவிக் கொக்கியில் மாட்ட மேலே போனபோது தங்கச்சி தேத்தண்ணீர் தந்தாள். இஞ்சி போட்டிருந்தாள்.

ஒரு சின்ன விபத்து, அவ்வளவுதான் என் எண்ணம். கார் ஒரு வேலியில் முட்டும், கை கால் ஒன்று முறியும், பயணம் தள்ளிப்போகும். அதற்கிடையில் பிள்ளைக்கு இங்கே பள்ளிக்கூடம் பிடித்துவிடும். இதில் என்ன அநியாயம் இருக்கிறது? நான் பிரேக்கைத் தொடவில்லை, ஒரு ஆணியைக்கூடத் தளர்த்தவில்லை. அரிசியைத்தான் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிய மழை பெய்து, பெய்த கையோடு ரோட்டில் உறைந்தது. கண்ணாடி மாதிரி. பார்த்தால் வெறும் ஈரம்தான், கால் வைத்தால்தான் தெரியும். அணைக்கட்டு வளைவில் நான் காரை நிறுத்தி இறங்கினேன். ரோட்டோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. உறைபனி உருக உப்புப் போடுகிற வண்டி இன்னும் வரவில்லை. அங்கே நின்றபடியே போன் எடுத்தேன்.

"எப்பிடி மச்சான் ரோட்டு? பஸ்ஸில வரட்டோ?"

"உப்புப் போட்டிருக்கிறாங்கள், ஸ்ரீ. காரிலேயே வா."

"ஓம் மச்சான். அப்ப வெளிக்கிடுறன்."

நான் அறைக்குப் போய்ப் படுத்தேன். நித்திரையும் வந்தது. தங்கச்சி கதவைத் தட்டியபோதுதான் எழுந்தேன். கார் கம்பியை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போயிருந்தது. செத்தவீட்டுக்கு ஐயரைப் பிடித்ததும் பெட்டி தூக்கியதும் நான்தான். லண்டன் வீட்டை வேண்டாமென்று சொல்லச் சொன்னதும் நான்தான். அவள் சரியென்றாள். இரண்டு ஞாயிறு அவளுக்குச் சமைக்க முடியவில்லை, நான் சமைத்துக் கொண்டுபோனேன். மூன்றாவது ஞாயிறு அவளே சமைத்தாள்.

இப்போது அரிசிக்கு வருகிறேன். அதை எறிந்திருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்கத் தேவையில்லை. அதிகாரி சிரிக்கிறார், அவருக்கு இது விளங்காது. நீங்கள் விளங்கப்படுத்துங்கள், பிள்ளை. நாலு மூட்டை நல்ல அரிசியை எந்தத் தமிழன் குப்பையில் போடுவான்? இரண்டுதரம் குப்பைத் தொட்டிவரை தூக்கிக்கொண்டு போனேன். மனம் வரவில்லை, திரும்பக் கொண்டுவந்து நிலவறையில் வைத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நிறையச் சனம் வரும், சமைக்க அரிசி வேண்டும். வைத்துக்கொண்டு ஏன் வேறு வாங்க வேணும் என்று இரண்டு மூட்டையை அவள் குசினி அடுப்படியில் கொண்டுபோய் இறக்கினேன்.

அவள் கத்திரிக்கோலோடு வந்து குனிந்தாள். பிறகு நிமிரவே இல்லை. மூட்டையின் வாயில் குங்குமப் பொட்டு காய்ந்துபோய் இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணை, இது காருக்குப் பின்னால கிடந்த மூட்டை எல்லோ?"

ஓம் என்றேன். அவளுக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போய்க் கதவைப் பூட்டினாள். பிறகு அவள் கூப்பிட்ட பொலிஸ் வந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்தபடியே இருந்தது, நான்தான் அணைத்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பாரத்தை எடுத்தது நான். ரோட்டு நல்லதென்று சொன்னது நான். கை முறியும் என்று நினைத்ததாக முதலில் சொன்னேனே, அதை வெட்டிவிடுங்கள். அந்த வளைவில் கம்பிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்தான் என்று கம்பியைப் பிடித்து நின்ற எனக்குத் தெரியாதா? ஸ்ரீதரனைக் கொன்றது நான்தான்.

அவள் லண்டனுக்கு ரிக்கெற் எடுத்துவிட்டாள் என்கிறார் அதிகாரி. அது கோபத்தில் எடுத்தது, போகமாட்டாள். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நான் வெளியே வரும்வரை மலை ஏறி இறங்க அவளுக்கு ஒரு கார் வேண்டும், தெரிந்த ஆளிடம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நாலு சில்லும் இழுக்கும், மூட்டை ஒன்றும் வைக்கத் தேவையில்லை. இதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள், பிள்ளை. ரோட்டைப் பற்றி அவள் பயப்படவே வேண்டாம். எப்படிக் கிடக்கிறதென்று காலையில் நானே போன் பண்ணிச் சொல்வேன்.