லூர்தம்மாள் பேர்ல ஒரு கூன்வண்டு

அலோ... அலோ, ராஜசேகரா? நான்தான்டா, பருத்திப்பட்டு பாஸ்கல்... ஆமா, ஆமா, ஊட்லேர்ந்துதான். உன் பத்திரிகைக்கு எழுதன கூன்வண்டு கட்டுரைய அச்சுக்குக் குட்த்துட்டியா?... மத்தியானமா? நல்லதாப் போச்சு. இன்னோர் பக்கம் சேத்துக்க. ரெண்டாவது ஒண்ணு மாட்டிக்கிச்சு மாமே... சத்தியமாடா. எழுதிக்கோ. நீளம் ஒரு அரிசி அளவு. மூக்கு அதேதான், கீழ வளைஞ்சி... உடம்பு கறுப்பு. ஆனா முதுவுல புள்ளி வெள்ளை இல்ல, நீலம்... ஆமா, ஆமா, நீலம்.

பதினெட்டு வருசமா காலேஜ்ல தவளை அறுத்துகினு கீறேன், ஒரு பய மதிச்சதில்ல. இப்ப ஆறு மாசத்துல ரெண்டு புது இனம்...

எங்கயா? பக்கத்து ஊட்டு செம்பருத்தில. பூங்காவனம் ஊடு... ஆமா, பொண்ணு கல்யாணம், வெள்ளையடிக்கிறாங்க... யாரா? கன்னியப்பன்தான். டிசம்பர்ல நம்மூட்டுக்கு அடிச்சாரே, அவரேதான். தோ, ஜன்னலாண்ட ஏணி மேல நிக்கிறாரு... இன்னா கலரா?

...

இரு.

இல்ல, லைன்லதான் கீறேன். அவரு கையப் பாத்துகினு கீறேன். முழங்கை வரிக்கும் நீலப் புள்ளி...

இருடா, வண்டு முதுவ ஈரப் பஞ்சால தொட்டுப் பாக்கறேன்... நீலம் பஞ்சோட வந்துடுச்சி.

பழசா? அதுவும் டப்பால இங்கதான் கீது. ஒரே ஒரு பூச்சிதானேடா நம்மாண்ட. நம்மூட்டு செவுத்தோரம் புடிச்சது, கிறிஸ்மசுக்கு மொத நாள்... சொரண்டறேன்... போச்சு. சுண்ணாம்பு. புள்ளி போனா எல்லார் ஊட்டு வண்டுதான்.

சிரி. நல்லா சிரி. லென்சு வெச்சி அளந்து, "பால் வெள்ளையில் இரண்டு புள்ளிகள்"னு எழுதன மகான் நான். புது இனத்த உண்டாக்கனது கன்னியப்பன், நான் சும்மா பேர் வெச்சவன்.

கட்டுரைய நிறுத்திடு... எவனுக்குத் தெரியும்ன்றியா? எனக்குத் தெரியுமே. அதுக்குத் தவளையே மேல். நிறுத்திடு.

இன்னா? மாமியாரா? அதான்டா வம்பு. மொத வண்டுக்கு லூர்தம்மாள்னு அவங்க பேரத்தானே வெச்சித் தொலைச்சேன். தோ, காப்பியோட வராங்க... இரு, சொல்லிடறேன்.

அத்தை... அந்தப் பூச்சி புதுசு இல்லயாம். உங்க பேரு அச்சுல வராது...

...ராஜசேகரா, கீறியா? அழுவலடா, சிரிக்கிறாங்க. "மாப்ள ஆசையா வெச்சீங்க, வேணாம்னு சொல்ல வாய் வர்ல"ன்றாங்க. கோயில்ல பொம்பளைங்கல்லாம் வண்டம்மான்னு கூப்புடறாங்களாம். அச்சாவக் கூடாதுன்னு ஆறு மாசமா மாதாவாண்ட வேண்டிகினு இருந்தாங்களாம்...

ஆமா... ஆமாடா, பலிச்சிடுச்சி. வெச்சிடறேன். மெழுகுவத்தி ஏத்தணுமாம், சைக்கிள்ல நான்தான் இட்டுகினு போவணும்.