முகம் மூடிய படம்

இரவு எட்டு மணி இருக்கும். ஊருக்கு வெளியே புறவழிச் சாலை. இருபுறமும் காலி மனைகள். நடுவில் ஸ்கேன் சென்டரின் பச்சை விளக்கு மட்டும்… அந்த விளக்கைப் பார்த்து ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள். கையில் ஓர் அட்டை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் அண்ணிக்கு நடந்தது. அவரே ஒருநாள் அவனிடம் சொல்லி அழுதாராம்.

அந்த சென்டரில் வயிற்றுப் பிள்ளையின் முகத்தைப் படம் எடுப்பது அண்ணியின் வேலை. சாதாரண ஸ்கேனில் எல்லாம் புகை மாதிரிதான் தெரியும். இது வேறு. மூக்கு, உதடு, மூடிய இமை… களிமண்ணில் பிடித்து வைத்ததுபோல் தேன் நிறத்தில் எழுந்து வரும். வருகிறவர்கள் அவரை 'போட்டோக்கார அக்கா' என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் சில பிள்ளைகள் முகத்துக்கு முன்னால் கையை வைத்துக்கொள்ளும். அண்ணி தாயை ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார். குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டு நடக்கச் சொல்வார். அப்படியும் கை விலகாது. வெளியே கூட்டம் காத்திருக்கும். உள்ளே மாமியார், நாத்தனார், சித்தி என்று ஒரு படையே முகத்துக்காக நின்றிருக்கும்.

அப்படி ஒருநாள், பொறுமை போய், மெஷினில் கிடந்த ஒரு பழைய படத்தை அண்ணி அச்சடித்துக் கொடுத்துவிட்டார். யாருடைய பிள்ளையோ. பளிச்சென்ற முகம். உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு.

"மூக்கப் பாரு… அப்படியே எங்க வீட்டு மூக்கு!" என்றார் மாமியார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க அத்தை. உங்க வீட்டு மூக்கு எப்ப இவ்ளோ அழகா இருந்துச்சு?" என்றாள் படுத்திருந்த மருமகள்.

அறையே சிரித்தது. அண்ணியும் சிரித்தார். அதன்பிறகு கையை எடுக்காத பிள்ளைகளுக்கெல்லாம், தாயின் பெயரில் மெஷினில் பதிந்து, அதே முகம்தான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அன்று இரவு எட்டு மணிக்கு வந்த பெண், மேஜைமேல் அந்த அட்டையை வைத்தாள். லேமினேஷன் செய்த படம். முழுக்கக் கறுப்பு. கருகிய காகித வாடை… ஸ்கேன் படக் காகிதம் சூடு தாங்காது. லேமினேஷன் செய்யாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லியனுப்ப வேண்டியது அண்ணிதான். இவளிடம் சொல்ல மறந்திருந்தார்.

"பத்திரமா இருக்கட்டும்னுதான் கடையில குடுத்தோம்க்கா. இப்படி ஆயிடுச்சு. இன்னொண்ணு போட்டுத் தருவீங்களா?"

"தரேன்மா. பிள்ளை எப்படி இருக்கு?"

"இல்லக்கா. எட்டாம் மாசம் அசைவு நின்னுடுச்சு. பொறந்தப்போ என்கிட்ட காட்டல. இந்தப் படம் மட்டும்தான்…"

அண்ணி அவள் பெயரைத் தட்டித் தேடினார். திரையில் வந்தது அந்த முகம். அதே உதட்டோரச் சிரிப்பு. எத்தனையோ வீடுகளுக்கு அவர் கொடுத்தனுப்பிய முகம்.

அவர் அச்சடிக்கும் பொத்தானை அழுத்தினார். கிர்ர்ர்… காகிதம் வெதுவெதுப்பாக வெளியே வந்தது. அந்தப் பெண் ஆசையாக வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா… சிரிச்சுக்கிட்டுல்ல இருந்துச்சு? யாரப் பாத்து இப்படி மூடிக்குது?"

படத்தில் இரண்டு குட்டிக் கைகள் முகத்தை மூடியிருந்தன. அண்ணி திரையைப் பார்த்தார். அங்கேயும் அப்படியே. ஓடும் படமல்ல… எப்போதோ எடுத்து நிறுத்திய படம்.

மறுபடி அச்சடித்தார். மறுபடியும் கைகள்தான்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "வேற யாரோட படமோ மாறி வருதும்மா. உங்களோடது அழிஞ்சு போயிருக்கு" என்றார்.

"பரவாயில்லக்கா. தினம் எத்தனை பேரப் பாக்குறீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லி, அந்தக் கறுப்பு அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அந்தப் 'பரவாயில்ல'தான் தன்னைக் கொல்கிறது என்பாராம் அண்ணி.

போன மாதம் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணிக்கு இப்போது ஒரு வயதுப் பெண் குழந்தை. என் மடியில் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தது. அண்ணி தண்ணீர் கொண்டுவந்தார். உடனே குழந்தையின் இரண்டு கைகளும் முகத்துக்குப் போயின.

"கண்ணாமூச்சியா குட்டி?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி உள்ளே போனபிறகே கைகள் இறங்கின.

பிறந்ததிலிருந்தே இப்படித்தானாம். தூக்கத்திலும்… அண்ணி குனிந்தால் கைகள் எழும்பிவிடும்.

"அப்போ அவங்க பிள்ளை முகத்தையே பாத்ததில்லையாடா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாங்க எடுக்குற போட்டோவிலதான்" என்றான் நண்பன்.

நான் கிளம்பும்போது, அன்று எடுத்த குழந்தையின் படம் ஒன்றை நண்பன் போனில் அண்ணியிடம் காட்டினான். முகம் மட்டும் நிறைந்த படம். அண்ணி வெகுநேரம் பார்த்தார். உதட்டோரத்தை விரலால் தொட்டார். பிறகு, நிமிராமலேயே கேட்டார்…

"உண்மையச் சொல்லுங்க தம்பி. இது நம்ம பிள்ளைதானா? இல்ல, எனக்குக் காட்டுறதுக்குன்னு வேற யாரோட படத்தையாவது வெச்சிருக்கீங்களா?"