எழுத்தில் வராத எச்சரிக்கை

பதிவான இடம்: ஒஸ்லோ பொலிஸ் நிலையம். நாள்: 15.04.2025, செவ்வாய்க்கிழமை. ஆரம்பித்த நேரம்: முற்பகல் 10.10. மொழி: தமிழ். உடனிருந்தவர்: அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் உதயகுமாரி.

எனது பெயர் துஷ்யா இரவீந்திரன். வயது 46. ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில் வசிக்கிறேன். பிறந்த இடம் மானிப்பாய். எட்டு வயதில் பெற்றோருடன் நோர்வேக்கு வந்து ஹம்மர்பெஸ்டில் வளர்ந்தேன். அப்பா அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒன்பது நாடுகள் சேர்ந்து நடத்தும் பாதுகாப்புத் தொழில்நுட்ப முகமையின் தலைமைப் பணிப்பாளராக நான்கு வருடங்களாக இருக்கிறேன். எனக்குக் கீழே மூவாயிரத்து இருநூறு பேர் வேலை செய்கிறார்கள்.

நான் தமிழைவிட நோர்வேஜிய மொழியையே நன்றாகப் பேசுவேன். ஆனாலும் இன்று தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். சொல்ல வேண்டிய விடயம் தமிழில் நடந்தது. ஏப்ரல் 2ஆம் திகதி, இப்போது என்னை விசாரிக்கும் இதே அதிகாரியிடம் நோர்வேஜிய மொழியில் சாட்சியாக ஒரு வாக்குமூலம் தந்தேன். அதில் வசனங்கள் மிகவும் அழகாக இருந்தன. அதைத் திருத்தவே வந்திருக்கிறேன்.

என்னை அந்தப் பதவிக்கு எடுத்ததே முகமையை டிஜிட்டல் முறைக்கு மாற்றத்தான். நான் போனபோது ஒன்பது நாடுகளுக்கும் ஒன்பது விதமான கணினி முறைகள் இருந்தன. ஒன்று மற்றொன்றோடு பேசாது. கடிதங்களைத் தொலைநகலில் அனுப்பும் ஒரு பிரிவும் இருந்தது. மூன்று வருடத்தில் அறுபத்தேழு பழைய முறைகளை மூடினேன். பத்திரிகைகளில் படம் வந்தது. அகதியாக வந்த பிள்ளை என்று எழுதினார்கள். கோயிலில் என்னைக் கண்டவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து கை கொடுக்க வைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் பதிவு செய்யக் கேட்கிறேன்.

முகமையில் மௌன நடைமுறை என்று ஒன்று உண்டு. ஒரு தீர்மானத்தை ஒன்பது தலைநகரங்களுக்கும் அனுப்பி, இத்தனை மணிக்குள் மறுப்புச் சொல்லுங்கள் என்று கேட்போம். அந்த நேரத்துக்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோரும் சம்மதம் என்று பொருள். ஒன்பது நாட்டவரிடமும் தனித்தனியே சம்மதம் வாங்கப் போனால் ஒரு கதிரை கூட வாங்க முடியாது. ஆகவே அது நல்ல நடைமுறைதான். நான் அதை ஆபத்து அறிவித்தல்களுக்கும் கொண்டுவந்தேன்.

முன்பு நடந்தது இப்படி. கடலில் ஆயுதச் சோதனை நடத்துவதற்கு முன், இங்கெர் என்ற உத்தியோகத்தர் ஒஸ்லோவிலிருந்து அந்தப் பகுதியில் நிற்கக்கூடிய ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுப்பார். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொருவரும் தம் வாயால் "நான் அங்கே இல்லை" என்று சொன்ன பிறகே பெயருக்கு நேரே கோடு போடுவார். ஒருவர் அகப்படாவிட்டாலும் சோதனை நிற்கும். ஒரு தடவை இங்கெர் ஒருவர் குளித்து முடிக்கும் வரை காத்திருந்ததால் ஒரு போர்க்கப்பல் நாற்பது நிமிடம் சும்மா நின்றது. அதை நான் கூட்டங்களில் பகிடியாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். புதிய முறையில் மென்பொருள் எல்லோருக்கும் மின்னஞ்சலில் செய்தி அனுப்பும். நான்கு மணி நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். தலைநகரத்தில் கடிதம் திறக்கவென்றே ஆட்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். கடல் நடுவே வானொலிக் கோபுரத்தில் ஏறி நிற்பவர் கையில் தடித்த கையுறை இருக்கும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதது அல்ல. நான் ஹம்மர்பெஸ்டில் வளர்ந்தவள்.

அபிசன் என்பவர் இந்த மாற்றத்தில் வேலை செய்த பொறியியலாளர். வயது 29. ஒஸ்லோவில் பிறந்தவர். அவருடைய தாயார் இந்திராவை எனக்குக் கோயிலில் பழக்கம். அபிசன் தானாக விண்ணப்பித்து வேலைக்கு வந்தார். அவருடைய நேர்முகத்தில் நான் இருக்கவில்லை. அலுவலகத்தில் மற்றவர்களுக்கு முன்னால் என்னைப் பெயர் சொல்லி ஆங்கிலத்தில் பேசுவார். தனியே கண்டால் அக்கா என்பார்.

மார்ச் 12ஆம் திகதி புதன்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு ஒன்பது நாட்டுப் பிரதிநிதிகளின் கூட்டம் இருந்தது. அதில் 17ஆம் திகதி திங்கட்கிழமை முதல் தொலைபேசி முறையை மூடுவது என்று முடிவாக வேண்டியிருந்தது. அதற்கு இருபது நிமிடத்துக்கு முன், உணவுக்கூடத்தில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அபிசன் என்னிடம் வந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் தமிழில் பேசினார். கூட்டத்தை அவர் நோர்வேஜிய மொழியில் மோத்தெ என்றே சொல்வார். எங்களுக்குள் நடந்த பேச்சை எனக்கு நினைவிருக்கும்படி அப்படியே சொல்கிறேன்.

"அக்கா, நாப்பத்தொரு பேர் புதுச் சிஸ்டத்துக்கை ஏறேல்லை. கொந்தராத்துக்கு வேலை செய்யிற ஆக்கள். அவைக்கு எங்கடை ஈமெயில் இல்லை, போன் நம்பர் மட்டும்தான் இருக்கு. அவைக்கு மெசேஜ் போகாது. மறுமொழி வராட்டி சிஸ்டம் ஆள் அங்கை இல்லையெண்டு எடுத்துப்போடும்."

"எத்தினை நாள் வேணும்?"

"ஒரு கிழமை."

"ஒரு கிழமை இல்லை அபிசன். வெள்ளிக்கிழமை அமைச்சர்மார் வருகினம். ரண்டாம் கட்டத்திலை பாப்பம்."

"நான் மோத்தெயிலை சொல்லட்டோ?"

"சொல்லாதை. ஒன்பது நாட்டுக்காரருக்கு முன்னாலை என்னை நாறடிக்காதை."

"அப்ப ஒரு மெயிலாவது போடட்டே?"

"அதுவும் வேண்டாம். நீ எழுதினா நான் மறுமொழி எழுதோணும்."

அவர் "சரி அக்கா" என்றார்.

இந்த இடத்தில் அதிகாரி பதிவை நிறுத்தினார். நான் இதுவரை சாட்சியாகவே பேசியதாகவும், இனிமேல் சந்தேக நபராகவே என்னிடம் விசாரிக்க வேண்டியிருக்கும் என்றும், பதில் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்றும், வழக்கறிஞரை அழைக்கலாம் என்றும் சொன்னார். விளங்கிக்கொண்டேன். வழக்கறிஞர் வேண்டாம் என்றேன். தொடரும்படி நானே கேட்டேன். நேரம் 10.55.

வேறொரு நாட்டைச் சேர்ந்த பொறியியலாளராக இருந்திருந்தால் கூட்டத்திலேயே கையை உயர்த்தியிருப்பார். நானும் முகம் சிவந்து பதில் சொல்லியிருப்பேன். அபிசன் என் மானத்தைக் காப்பாற்றத்தான் தனியே, தமிழில் வந்து சொன்னார். எங்கள் ஆட்களில் ஒருவர் மேலே வந்திருக்கிறார், அவரைச் சபையில் தலைகுனிய வைக்கக் கூடாது என்று அவருக்கு வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்த மரியாதையை நான் எனக்கு வசதியாகப் பயன்படுத்தினேன். அங்கே நின்ற ஏழெட்டுப் பேருக்கும் நாங்கள் என்ன பேசினோம் என்று விளங்காது என்பதும் எனக்கு அப்போதே தெரியும்.

அதன் பின்னர் கூட்டம் நடந்தது. யாரும் மறுக்கவில்லை. அபிசன் சுவரோரம் இருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அடுத்த விடயத்துக்குப் போனேன். அதன் பின்னர் மார்ச் 17ஆம் திகதி காலை, எல்லாப் பெயர்களும் புதிய முறைக்கு மாற்றப்பட்டுவிட்டன என்று மென்பொருளில் ஒருவர் பொத்தானை அழுத்தி உறுதி செய்ய வேண்டியிருந்தது. அதைச் செய்யாவிட்டால் பழைய முறை மூடப்படாது. அபிசன் என் அறை வாசலில் வந்து நின்று, "இதை நீங்கள் செய்யிறியளோ அக்கா?" என்று கேட்டார். நான் திரையிலிருந்து தலையை எடுக்காமல், "நீயே அமத்து, நான் இருக்கிறன்தானே" என்றேன். காலை 9.14க்கு அவருடைய பெயரில் உறுதி பதிவாகியது. அதுவே இன்று அவருக்கு எதிராக எழுத்தில் இருக்கும் ஒரே ஆதாரம். அதன் பின்னர் இங்கெரை ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிக் கையொப்பமிட்டேன்.

மார்ச் 20ஆம் திகதி வியாழக்கிழமை ஹம்மர்பெஸ்டுக்கு வெளியே கடலில் ஆளில்லா விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தும் சோதனை நடந்தது. அது விழ வேண்டிய பகுதியில் ஒரு பாறைத் தீவு இருக்கிறது. அதில் வானொலிக் கோபுரம் ஒன்று மட்டுமே உண்டு. அந்தக் கோபுரத்தைப் பராமரித்த ஆட்லே என்பவர், வயது 56, அன்று காலை தன் சிறு படகில் அங்கே மின்கலம் மாற்றப் போயிருந்தார். அவர் அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர். ஒஸ்லோவில் எங்கள் திரையில், ஆள் இல்லை என்பதற்கு அடையாளமாக, தீவு பச்சையாக இருந்தது. முற்பகல் 11.32க்குச் சோதனை தொடங்கியது. 11.40க்கு விமானத்தின் இயந்திரப் பகுதி கோபுரத்தின் அடியில் விழுந்தது. நாங்கள் கை தட்டினோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கரையோரக் காவலர்கள்தான் கட்டியிருந்த படகையும் கோபுரத்தடியில் ஆட்லேயின் உடலையும் கண்டார்கள்.

ஆட்லேயின் கைத்தொலைபேசி அவருடைய மேலங்கிப் பைக்குள் பழுதில்லாமல் இருந்தது என்று அறிக்கையில் படித்தேன். அங்கே தொலைபேசிச் சமிக்ஞை நன்றாகக் கிடைக்கும். அன்று முழுவதும் அதற்கு வந்த முதல் அழைப்பு அவருடைய மனைவியினுடையது. அது சாப்பிட வருவாரா என்று கேட்க எடுத்தது.

அதன் பின்னர் நான் முகமையின் சார்பில் ஹம்மர்பெஸ்டுக்குப் போய் ஆட்லேயின் மனைவியைக் கண்டேன். அவர் அழவில்லை. "ஏன் ஒருவரும் அவருக்குப் போன் எடுக்கவில்லை? எப்போதும் எடுப்பார்களே" என்று மட்டும் கேட்டார். விசாரணை நடக்கிறது என்று சொன்னேன். அவர் தலையாட்டி எனக்குக் கோப்பி ஊற்றினார். நான் அதைக் குடித்தேன்.

ஏப்ரல் 2ஆம் திகதி வாக்குமூலத்தில், பெயர்கள் விடுபட்டது பற்றி எனக்கு எழுத்தில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்று சொன்னேன். அது உண்மை. அது ஏன் எழுத்தில் வரவில்லை என்று என்னிடம் கேட்கப்படவில்லை. கேட்காமல் இருக்கும் விதமாகவே பதில் சொன்னேன். அது எனக்குக் கைவந்த கலை.

மறுநாள் அபிசனை விசாரித்தார்கள். ஏப்ரல் 8ஆம் திகதி அவரைச் சந்தேக நபராக அறிவித்தார்கள். அன்று பின்னேரம் முகமையின் வழக்கறிஞர் என் அறைக்கு வந்து, அபிசன் தன் வாக்குமூலத்தில் என் பெயரைச் சொல்லவே இல்லை, தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், இனி நமக்குப் பயமில்லை என்றார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. விபத்தில் தப்பிய ஆளைப்போல் பெருமூச்சு விட்டேன். வெட்கம் வர இரண்டு நாள் பிடித்தது.

அதன் பின்னர் ஏப்ரல் 13ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மதியம் அபிசனின் வீட்டுக்குப் போனேன். அவர்களும் ஹொல்ம்லியாவில்தான் இருக்கிறார்கள். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இந்திரா கதவைத் திறந்தார். பதினைந்து வருடமாக என்னை "வா துஷ்யா" என்று கூப்பிட்டவர், அன்று "வாங்கோ" என்றார். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எனக்கு அந்த "வாங்கோ" செருப்பால் அடித்தது போல் இருந்தது. அபிசன் மெலிந்திருந்தார். நான் கேட்டேன்.

"ஏன் அபிசன் என்ரை பேரைச் சொல்லேல்லை?"

"சொல்லி? எழுத்திலை ஒண்டும் இல்லை. தான் தப்ப அக்காவை மாட்டிவிடுறான் எண்டுதான் நினைப்பினம்."

"அதுக்காகப் பேசாமல் இருக்கிறதே?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"எப்ப இருந்து?"

"அண்டைக்கு மோத்தெ முடிஞ்சதிலையிருந்து."

அதற்குப் பிறகு நான் அங்கே அதிக நேரம் இருக்கவில்லை. நேற்றுக் காலை இந்த அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். முகமைக்கோ அதன் வழக்கறிஞருக்கோ சொல்லவில்லை. அபிசனுக்கும் சொல்லவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

அபிசனின் பெயரில் பதிவான உறுதி என் கட்டளைப்படி செய்யப்பட்டது. அவர் எச்சரித்தார். நான் அவருடைய வாயைக் கட்டினேன். அவர் எழுதாமல் விட்டது நான் தடுத்ததால். இந்த நான்கையும் வழக்குக் கோப்பில் தனித்தனியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதிகாரி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: மார்ச் 12ஆம் திகதி கூட்டத்தில் அபிசனைப் பேச விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பதில்: பிரதிநிதிகள் என்னைக் கேள்வி கேட்டிருப்பார்கள். அமைச்சர்களுக்கு முன்னால் வேலை முடியவில்லை என்று நான் சொல்ல நேர்ந்திருக்கும். பழைய முறையை மூடுவது ஒரு கிழமை பிந்தி, 24ஆம் திகதிக்குப் போயிருக்கும். 20ஆம் திகதி காலை இங்கெர் தன் பட்டியலோடு இருந்திருப்பார். ஆட்லே கையுறையைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்து, நான் தீவில்தான் நிற்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருப்பார்.

மேலே எழுதப்பட்டவை அனைத்தும் நான் சொன்னவை. உதயகுமாரி வாசிக்க முழுவதையும் கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இவை உண்மை என்பதற்கு என் சுயவிருப்பத்தில் இதன் கீழ் ஒப்பமிடுகிறேன். முடிந்த நேரம்: பிற்பகல் 12.25.

(ஒப்பம்)
துஷ்யா இரவீந்திரன்
சந்தேக நபர்